உயிரோடு ஒரு சிலந்தி

கத்தியை ஒரே இழுப்பாக இழுத்தான் எமன். வாக்குவம் கிளீனரிலிருந்து உருவியெடுத்த காகிதப் பை வயிறு கிழிந்து, பின்கட்டுச் சிமென்ட் தரையில் சாம்பல் நிறத் தூசியைக் குப்பென்று கக்கியது.

"தேடுங்கண்ணா. ஒண்ணாவது உயிரோட இருக்கணும்."

எதிரே மண்டியிட்டிருந்த அந்த வீட்டம்மா இரண்டு கையாலும் தூசியை அளைந்துகொண்டிருந்தாள். ஒட்டடை, தலைமுடி, முட்டைப் பைகள், மடங்கிய கால்கள். பூராவும் சிலந்திகள். பூராவும் செத்தவை.

பதினாறு வருஷமாக வீடு வீடாகப் போய்ச் சிலந்தியை ஒழிப்பதுதான் எமனுக்குப் பிழைப்பு. கூட்டாளிகள் 'எட்டுக்கால் எமன்' என்று பட்டப் பெயர் வைத்தார்கள். எட்டுக்கால் நாளாவட்டத்தில் உதிர்ந்து எமன் மட்டும் மிச்சம். அப்பேர்ப்பட்டவன் உயிரோடு ஒரு சிலந்தி கிடைக்காதா என்று தரையில் தவழ்வான் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால், விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

காலையில் சிரிக்கத்தான் செய்தான்.

"இன்னிக்கு வீட்டைக் காலி பண்றோம்ணே. ஒட்டடை இருந்தா சாவியை வாங்க மாட்டேன்னு ஓனர் எங்க வீட்டம்மாகிட்ட கறாரா சொல்லிட்டாராம். உங்களைக் கூப்பிடச் சொன்னதும் அவர்தானாம்" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டான் அவளுடைய கணவன். மனைவி குழந்தையை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறாளாம். சாமான் ஏற்ற லாரி நாலு மணிக்கு வருகிறதாம்.

உள்ளே காலை வைத்ததும் எமன் விசிலடித்தான். கூரை மூலை, ஜன்னல் சட்டம், மின்விசிறித் தண்டு, எங்கு பார்த்தாலும் வலை. கூடத்தில் கட்டி அடுக்கியிருந்த முப்பது அட்டைப் பெட்டிகள் மேலும் வலை.

"என்ன சார், இத்தனை பேரை உள்வாடகைக்கு விட்டிருக்கீங்க?"

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. எங்க வீட்டம்மா ஒண்ணைக்கூட அடிக்க விடமாட்டா. செருப்பைத் தூக்கினா போதும், என்னையே அடிக்க வந்துடுவா."

எமனுக்கு மருந்தில் நம்பிக்கை கிடையாது. நுனிக்காலில் நடக்கிற ஜீவன் அது. தரையில் தெளித்த மருந்து உடம்பில் அவ்வளவாக ஒட்டாது. வலையையும் முட்டையையும் உறிஞ்சி எடு, இடுக்கை அடை, பூச்சியைக் கூப்பிடும் வெள்ளை விளக்கை வாசலிலிருந்து கழற்று. அவ்வளவுதான் வித்தை. அதை ஒழுங்காகச் செய்தான். ஜன்னலோர விரிசல்களுக்கெல்லாம் சிலிக்கான் பசை பூசினான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

யாரும் கேட்காமலே பெட்டிகளையும் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துடைத்தான். ஒரே ஒரு முட்டைப் பை பெட்டியோடு போனால்கூடப் புது வீட்டில் நூறு குஞ்சு பொரிக்கும். அரைகுறை வேலை அவனுக்கு ஆகாது.

இரண்டரை மணிக்கு அவள் குழந்தையோடு திரும்பினாள். கூடத்தைப் பார்த்தாள். பளிச்சென்று நின்ற பெட்டிகளைப் பார்த்தாள். கத்தவில்லை. குழந்தையின் தோளைப் பிடித்திருந்த அவளுடைய விரல்கள் மட்டும் வெளுத்தன.

"பெட்டி மேல இருந்ததையுமா எடுத்தீங்க? நீங்களேவா?"

"ஆமாம்மா. ஒரு வலை விடலை" என்றான் பெருமையாக.

குழந்தையையும் அவனையும் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், குரலை இறக்கிச் சொன்னாள்.

"இது எங்களுக்கு மூணாவது வீடுண்ணா. எங்க போனாலும் அது கூடவே வந்துடுது."

"எதும்மா?"

"பேர் சொல்லத் தெரியலை. ராத்திரி இவ கட்டிலுக்கு அடியில யாரோ மூச்சு விடுவாங்க. இவ மூச்சு விட்டா அதுவும் விடும். இவ அடக்கினா அதுவும் அடக்கும். அஞ்சு மாசமா என் பொண்ணு வாயே திறக்கலை. தொண்டையில ஒண்ணுமில்லேங்கிறார் டாக்டர்."

குழந்தைக்கு ஐந்து வயதிருக்கும். எமனின் கடைக்குட்டிக்கும் அதே வயது. சுவரில் சாய்ந்து, உள்ளங்கையால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு அவனையே பார்த்தது.

"அது இருக்கிற பக்கம் சிலந்தி நிக்காதுண்ணா. ஓடிடும். ஓட வழியில்லேன்னா சுருண்டு செத்துடும். அதனாலதான் வளர்த்தேன். வலை இருக்கிற மூலையாப் பார்த்து இவளைத் தூங்க வைப்பேன். ஒரு வாரமா பெட்டி கட்டக் கட்ட, மேல பிடிச்சுப் பிடிச்சு விட்டேன். எந்தப் பெட்டியில வலை கட்டலையோ அதை இங்கேயே போட்டுட்டுப் போயிடலாம்னு..."

காலையில் வலையில்லாத பெட்டி ஏதாவது இருந்ததா? எமன் எவ்வளவோ யோசித்தான். ஞாபகமில்லை. பெட்டி பெட்டியாகத் துடைத்தானே தவிர எதையும் பார்க்கவில்லை.

இன்னொரு நாளாக இருந்தால் 'போம்மா' என்று நடையைக் கட்டியிருப்பான். அந்தக் குழந்தையின் கை வாயை விட்டு இறங்கவே இல்லை. அதனால்தான் பையைக் கிழித்தான்.

கிழித்த பிறகுதான் அவனே கவனித்தான். உறிஞ்சிய சிலந்திகளில் பாதியாவது, பையைப் பிரித்ததும் குடுகுடுவென்று ஓடும். பதினாறு வருஷத்தில் மாறாத சங்கதி. இன்று ஒரு கால்கூட அசையவில்லை.

தெருவில் ஹாரன் அலறியது. "லாரி வந்தாச்சு!" என்று முன்பக்கமிருந்து கணவனின் குரல்.

"ஒண்ணு வேணும்ணா. ஒண்ணே ஒண்ணு" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

எமனுக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஜன்னல் விரிசல்! அவனே பசை பூசி அடைத்தது!

உள்ளே ஓடினான். மேகம் மூடி, கரண்டும் போயிருந்தது. பட்டப்பகலில் கடைசி அறை கிணற்றுக்குள் இறங்கியது போல் இருட்டாகக் கிடந்தது. காயாத பசையின் புளித்த வாடை. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. வெகுநாள் மூடியிருந்த வாய் திறந்தது போல.

ஜன்னலடியில் குத்துக்காலிட்டு, கத்தி முனையால் பசையைக் கீறினான்.

மூச்சுச் சத்தம் கேட்டது.

சீ, நம்முடையதுதான்.

அடக்கிப் பார்த்தான்.

நின்றது.

ஒரு நொடி கழித்துத்தான் நின்றது.

பிடரி முடி சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை. பசைப் பட்டையைப் பிய்த்து இழுத்தான். உள்ளே, கட்டைவிரல் நகமளவு, சாம்பல் நிறத்தில் ஒன்று ஒடுங்கியிருந்தது.

கால்கள் அசைந்தன.

உயிர்!

ஜன்னல் திட்டில் கிடந்த கண்ணாடி டம்ளரை அதன் மேல் கவிழ்த்து, ஒரு அட்டைத் துண்டை அடியில் செருகி, விழுந்தடித்து வெளியே வந்தான். டம்ளருக்குள் அது அவன் உள்ளங்கை படாத பக்கமாகப் போய்க் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. வெளிச்சத்துக்குப் பயப்படுகிறது என்று நினைத்தான். அவள் கைக்கு மாறியதும் சாதுவாகிவிட்டது.

முதல் பெட்டி மேல் விட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாக நடந்தது. இரண்டாவது, மூன்றாவது.

"லாரிக்காரன் காட்டுக் கத்தலாக் கத்துறான், நீ சிலந்திக்கு ஊர் சுத்திக் காட்டுறியா?" என்றான் கணவன், கையில் கயிற்றோடு.

"வாயை மூடிட்டு உன் கையை நீட்டு."

நீட்டினான். முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். மணிக்கட்டைத் தாண்டி அது நடந்து போனது.

முப்பது பெட்டியும் முடிந்தது. கட்டில், மெத்தை, செருப்புகள், அவளுடைய சொந்தக் கை. எதற்கும் அது மிரளவில்லை. மிச்சம் ஒன்றுதான். அவள் முட்டி போட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மகளின் முழங்கையில் அதை மெல்ல இறக்கினாள்.

யாரும் மூச்சு விடவில்லை.

சிலந்தி யோசித்தது. ஒரு கால் வைத்தது. இன்னொரு கால். பிஞ்சுக் கையில் குறுகுறுவென்று ஏறித் தோளில் போய் உட்கார்ந்தது.

குழந்தையின் கை வாயை விட்டு இறங்கியது.

"கூசுதும்மா."

கணவன் கயிற்றைக் கீழே போட்டான். அவள் மகளை வாரி அணைத்து வாய்விட்டு அழுதாள். "இன்னொரு தடவை சொல்லுடி, இன்னொரு தடவை" என்று கெஞ்சினாள். எமனுக்கும் கண் கரித்தது. எந்தப் பெட்டியையும் விட்டுவிட வேண்டியிருக்கவில்லை. அரை மணியில் சாமான் ஏறிவிட்டது. மூன்று பேரும் லாரியின் முன்னிருக்கையில் ஏறினார்கள்.

வாசல்படியில், அவள் இறக்கிவிட்டுப் போன சிலந்தி தனியாக உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு உனக்கு மன்னிப்புடா ராஜா" என்று குனிந்து, செடிப் பக்கம் ஒதுக்கிவிடக் கையை நீட்டினான் எமன்.

அது பின்வாங்கியது.

இன்னும் கொஞ்சம் நீட்டினான். வலப்பக்கம் ஓடியது. அங்கே அவன் கால். இடப்பக்கம் பாய்ந்தது. அங்கே அவன் நிழல். சுழன்றது. தடுமாறியது. அவன் விரல் ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது, தொடக்கூட இல்லை. எட்டுக் காலையும் மார்போடு மடக்கிக்கொண்டு மல்லாந்தது.

செத்துவிட்டது.

செத்த சிலந்திகள் நிறைந்த அந்தப் பையைக் காலையிலிருந்து தோளில் சுமந்து திரிந்தவன் யார் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அம்மா!" என்று லாரியை நோக்கி ஓடினான். "அது எங்கம்மா போச்சு? வீட்டுல எனக்கும் சின்னப் பொண்ணு இருக்கும்மா!"

என்ஜின் உறுமியது. அவள் மகளின் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே அவன் கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"கல்யாணமான புதுசுல, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைச் சுத்தம் பண்ணேன்ணா. அங்க இருந்த வலையெல்லாம் என் கையாலதான் கலைச்சேன். கலைச்சவங்க கூடத்தான் அது போகும்."

லாரி நகர்ந்தது.

"உங்களைக் கூப்பிடச் சொன்னது ஓனர் இல்லைண்ணா. நான்."