எஞ்சின் மூடிமேல் ஒரு பூனை

வீட்டில் என்னைத் ‘துருவி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்கிறேனாம். கேட்டால் என்ன தப்பு?

என் அம்மா படகோட்டி. ஆற்றின் அக்கரைக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவார். முதல் நடை விடியற்காலையில். எங்கள் படகின் அடிப்பலகை உளுத்துப்போய்விட்டது. இந்த வாரத்துக்குள் வேறு படகு வராவிட்டால், துறையில் எங்கள் இடம் இன்னொருவருக்குப் போய்விடும்.

அதனால்தான் காலையிலேயே ஒரு பழைய படகைப் பார்க்கப் போனோம். விற்கிறவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

“எஞ்சின் படகுக்குள்ளயே இருக்கும்மா. பழசுதான், ஆனா கல்லு மாதிரி இருக்கும்” என்றார்.

எஞ்சினை மூடிய பலகைமேல் ஒரு சாம்பல் நிறப் பூனை சுருண்டு தூங்கியது. அதைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டுவிட்டு மூடியைத் திறந்தார். எஞ்சின் பச்சைப் பெயின்டில் பளபளத்தது.

“பெயின்ட் புதுசா மாமா?”

“ஆமா பாப்பா, அழகுக்கு.”

“அழகுக்கு மட்டுந்தானா?”

அம்மா என் காலை மிதித்தார். பிறகு எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. ரப்பர் குழாய்களை அமுக்கினார்.

“குழாயெல்லாம் வெடிச்சிருக்கு. மாத்தணும் அண்ணே. மத்தபடி நல்லாத்தான் இருக்கு. சாவியக் குடுங்க.”

நான் பூனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் நல்ல வெயில். படகு முழுக்க நிழல், குளிர்காற்று வேறு. அதை விட்டுவிட்டு இது ஏன் இங்கே வந்து படுத்தது?

“மாமா, கடைசியா எஞ்சினை எப்ப ஓட்டுனீங்க?”

“நாலு நாளாச்சு.”

எஞ்சின்மேல் கை வைத்தேன். வெதுவெதுவென்று இருந்தது.

“அம்மா, பூனை ஏன் இங்க படுத்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்களும் தொட்டுப் பாருங்க.”

அம்மா தொட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “சூட்டுல எந்த எஞ்சினும் கிளம்பிடும். ஆறட்டும் அண்ணே, காத்திருக்கோம்” என்றார்.

பொழுது சாயும்வரை கரையில் உட்கார்ந்திருந்தோம். ஆறிய பிறகு சாவியைத் திருப்பினால், எஞ்சின் முக்கியது, முனகியது, கிளம்பவில்லை. விடியற்காலைக் குளிரில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

விற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டார். “உண்மையச் சொன்னதும் ரெண்டு பேரு திரும்பிப் போயிட்டாங்கம்மா. அதான் நீங்க வர்றதுக்கு முன்னாடி ஓட்டிச் சூடாக்கி வெச்சேன்.”

எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

“சூடா இருந்தா ஓடுது. ஆறினா ஓடல. அப்ப சூடாக்குற ஏதோ ஒண்ணுதானே கெட்டிருக்கும்?” என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஸ்பேனரை எடுத்து, குளிர்ந்த எஞ்சினைச் சூடேற்றிக் கொடுக்கும் ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றினார். மூன்றும் கருகிப்போயிருந்தன.

“இதையும் குழாயையும் புதுசா போட்டு வைங்க. மூணாம் நாள் வர்றோம். அன்னிக்கு ஓட்டி வைக்காதீங்க.”

மூன்றாம் நாள் விடியற்காலையில் போனோம். நான் முதலில் பூனையைத் தேடினேன். அது கரையில் சாக்குமூட்டைமேல் படுத்திருந்தது. எஞ்சினைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. அம்மா சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் படபடவென்று ஓடியது.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பூனை படகுக்குள் குதித்து, மூடிமேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

“அதையும் கூட்டிட்டுப் போயிடு பாப்பா” என்றார் படகை விற்றவர். “அது இங்க இருந்தா அடுத்த படகையும் என்னால சூடாக்கி விக்க முடியாது.”

பூனை எனக்கே என்றதும், அந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் துருவிக் கேட்கவில்லை.