ஏரிக்கரையில் நிற்கும் வண்டி

டயர்க் கடைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய அலுவலகத்துக்கு அன்று காலை பனியோடு சேர்ந்து ஒரு மனிதரும் ஏறி வந்தார். கண்ணாடி வெட்டி விற்கும் கடை வைத்திருப்பவர். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரு இருந்த இடத்தில் வெறும் வெண்மைதான் இருந்தது.

“யாரோ என் வண்டியைக் கெடுக்கிறாங்க. அது என் பொண்டாட்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு” என்றார் கடைசியில்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் சர்வேயரம்மா. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து வண்டிகளை ஆராய்ந்து அறிக்கை எழுதிவந்தவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். உதவியாளர் அவருடைய கணவரேதான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய ஆர்வம்.

“பொண்டாட்டியா!” என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“என்னங்க, அவர் முழுசா சொல்லட்டும்” என்றார் சர்வேயரம்மா.

கடைக்காரர் சொன்னார். அப்பா ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிள் அது. கணவனோடு மனஸ்தாபம் வந்து தங்கை இவர் வீட்டில் இருக்கிறாள். அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், ஏரிக்கரையில் புளியமரங்கள் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது.

“நிக்கிறதுன்னா எப்படி? திணறித் திணறி நிக்குதா?”

“இல்லம்மா. ஹெட்லைட், ஹாரன், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில அணைஞ்சிடும். அந்தப் பனியில, சத்தமே இல்லாம, கனவுல உருள்ற மாதிரி கொஞ்ச தூரம் போய் நிக்கும். இறங்கித் தள்ளினா உயிர் வந்துடும். மறுபடி ரெண்டு பேரும் ஏறினா மறுபடி போயிடும். சரி, இன்னைக்கு நேரம் சரியில்லைன்னு வீட்டுப் பக்கம் திருப்பினா, சமர்த்தா ஓடி வந்துடும்.”

“மெக்கானிக் பார்த்தாங்களா?”

“மூணு பேர் பார்த்தாச்சு. சீட்டைக் கழட்டி ஒயர் ஒயரா தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல.”

“உங்க மனைவி மேல ஏன் சந்தேகம்?”

கடைக்காரர் குரல் தாழ்ந்தது. “அவளை அனுப்பாதீங்கன்னு முதல் நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கா. அதுல வந்த சண்டையில நாங்க பேசிக்கிறதே இல்ல.”

“வண்டி நிக்கும்போது உங்க தங்கை என்ன பண்ணுவாங்க?”

“பாவம், அவ என்ன பண்ணுவா? வண்டி நிக்கிறதுக்குள்ள மடியில இருக்கிற பையை எடுத்துத் தோள்ல மாட்டிட்டு இறங்கத் தயாரா இருப்பா. ஒரு தடவைகூடச் சலிச்சுக்கிட்டதில்ல.”

சர்வேயரம்மா எழுந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

கடைக்காரரின் வீட்டு முற்றத்தில், துடைத்துத் துடைத்துப் பெயின்ட் மங்கிப்போன அந்த வண்டி நின்றிருந்தது. வாசல் அறையில் தங்கை ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவோரம் கடைக்காரரின் மனைவி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பனி புகுந்துவிட்டதுபோல் இருந்தது.

“கதவோரத்துல நிக்கிற தோரணையே சரியில்ல. ஒயரை அவங்கதான் தளர்த்தி விடுறாங்க” என்று சர்வேயரம்மாவின் காதில் கணவர் கிசுகிசுத்தார்.

“அப்படின்னா திரும்பி வரும்போது யாருங்க இறுக்கி விடுறது?”

கணவர் வண்டியின் பக்கம் திரும்பினார்.

சர்வேயரம்மா சீட்டைத் தூக்கிப் பார்த்தார். அதைத் தாங்கும் ரப்பர் கட்டைகளில் இடது பின்மூலையில் இருக்க வேண்டியது மட்டும் இல்லை. அதற்கு நேர் கீழே, இரண்டு பித்தளைக் கவ்விகளுக்கு நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய் ஃபியூஸ். கவ்விகள் வயதாகித் தளர்ந்திருந்தன. சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு விளக்கையும் போடச் சொன்னார்.

“என்னங்க, பின்சீட்டுல ஏறி உட்காருங்க.”

கணவர் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தார். வண்டி முனகியது, விளக்கு எரிந்தது.

“இப்ப ரெண்டு காலையும் இடது பக்கமா போட்டுக்கோங்க.”

“ஏம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க!” என்றபடியே அவர் கூச்சத்தோடு ஒருபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். அப்போதும் விளக்கு எரிந்தது. கதவோரத்தில் நின்றவளுக்கே சிரிப்பு எட்டிப் பார்த்தது.

“இப்ப அப்படியே வண்டியோட பின்பக்கமா நல்லா சாயுங்க.”

அவர் சாய்ந்தார். முற்றம் சட்டென்று அமைதியாயிற்று. விளக்கு இல்லை, இன்ஜின் இல்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“எல்லாம் ஒரே நொடியில அணையுதுன்னா, எல்லா மின்சாரமும் கடந்துபோற ஒரே இடத்துலதான் கோளாறு இருக்கணும்” என்றார் சர்வேயரம்மா. “அந்த மூலையில எடை விழுந்தா சீட்டோட அடித்தகடு ஃபியூஸை நெம்பி விடுது. எடை போனதும் அது பழைய இடத்துக்கே வந்துடுது. மெக்கானிக்குங்க முதல் வேலையா சீட்டைக் கழட்டினாங்க. கோளாறும் சீட்டோட சேர்ந்து வெளிய போயிடுச்சு.”

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். மனைவியின் பக்கம் திரும்பி, “உன்னைப் போய்...” என்று தொடங்கினார். சர்வேயரம்மாவின் கணவர் குறடால் கவ்விகளை இறுக்கினார். சீட்டின் மூலைக்கு ஒரு ரப்பர் துண்டை வெட்டி வைத்தார்.

“அப்ப நாளைக்கே கிளம்பிடலாம்” என்றார் கடைக்காரர்.

வாசல் அறையில் ஊசி நின்றது.

“இருங்க, பாதிதான் சொல்லியிருக்கேன்” என்றார் சர்வேயரம்மா. “தளர்ந்த ஃபியூஸுக்குப் போற வழி, வர்ற வழின்னு தெரியாது. புளியமரமும் தெரியாது. இது ஏன் அந்த ஒரே இடத்துல, போகும்போது மட்டும் விட்டுப்போச்சு?”

அவர் தங்கையின் அருகே போய், மெல்லக் கேட்டார். “வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே பையைத் தோள்ல மாட்டிக்கிறியாமே. நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியாம்மா?”

தங்கை சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“முதல் தடவை எனக்கே தெரியாதுண்ணா. சும்மா சாஞ்சேன், நின்னுடுச்சு. அப்புறம் இறங்கி நின்னோம். தண்ணி எது, வானம் எதுன்னே தெரியல. ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நாளைக்கு அப்புறம் அங்கதான் நிம்மதியா மூச்சு விட்டேன். மறுபடி ஏறினதும் அதே மாதிரி சாஞ்சு பார்த்தேன்.”

“வேணும்னேவா?” கடைக்காரரின் குரல் உயர்ந்தது. “போகப் பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே!”

“சொன்னேன். அவர் வேலைக்குப் போகும்போது என்னை உள்ள வச்சுக் கதவை வெளிய பூட்டிட்டுப் போறாருன்னு சொன்னேன். திருட்டு பயமா இருக்கும்னு நீதான் சொன்னே.”

தாம் அப்படிச் சொன்னதும், சொல்லிவிட்டு அன்று நிம்மதியாகச் சாப்பிட்டதும் கடைக்காரருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் மெல்லச் சுருங்கியது. மனைவி வந்து தங்கையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“என்கிட்ட எல்லாத்தையும் சொன்னா. நான் சொன்னா நீங்க சண்டைக்கு வர்றீங்கன்னு அவதான் என் வாயை அடைச்சா” என்றாள்.

சர்வேயரம்மா சால்வையைச் சரிசெய்துகொண்டு கணவருக்குக் கண்காட்டினார். இருவரும் சொல்லிக்கொள்ளாமலே தெருவில் இறங்கினார்கள்.

“யார் குற்றவாளின்னு சொல்லவே இல்லையே நீ?” என்றார் கணவர், பாதி வழியில்.

“அதை அவரே கண்டுபிடிச்சுட்டாருங்க.”

மறுநாள் விடிந்ததும் கடைக்காரர் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு தங்கையின் கணவன் வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று யாரிடமும் சொல்லவில்லை. மதியம் பனி விலகியிருந்த நேரத்தில் திரும்பி வந்தபோது, பின்சீட்டில், தங்கை அங்கே விட்டுவந்த தையல் மிஷின் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தது. தங்கை ஓடிவந்தாள். அவர் மிஷினை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

“ஜன்னலோரமா வைக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். “இல்ல, வேற எங்கயாவது வேணுமா? நீ சொல்லு.”