பச்சை விளக்கும் நாலு தேநீர்க் குவளையும்

ஹனீன் வீட்டு வரவேற்பறையில், டிவிக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பச்சை விளக்கு இரவும் பகலும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அது மைசமின் கேம் பெட்டியின் விளக்கு.

மைசம் ஹனீனின் சின்னம்மா மகன். அடுத்த சந்தில்தான் வீடு. பெட்டி அவனுடையது என்றாலும், அது குடியிருந்தது ஹனீன் வீட்டில். ஈராக்கில், அவர்கள் ஊரான பஸ்ராவில், கரண்ட் போகும், தெரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும், மறுபடி கரண்ட் வரும். ஒவ்வொரு தடவையும் வீடு ஒரு நொடி இருட்டாகும். அந்த ஒரு நொடி போதும், ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் அம்போவென்று போய்விடும். ஹனீன் வீட்டில் மட்டும் யுபிஎஸ் இருந்தது. அதனால் மைசம் விடுமுறை முழுக்க இங்கேயே பழியாகக் கிடந்தான்.

பெட்டியோ அரதப் பழசு. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு எப்போதோ செத்துவிட்டது. அணைத்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே மைசம் அதை அணைப்பதே இல்லை. ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுச் சாப்பிடப் போவான், தூங்கப் போவான், மறுநாள் வந்து தொடருவான். இப்படியே நீலத் தொப்பி போட்ட ஒரு பையனைப் படிப்படியாக ஏற்றி, ஒரு பெரிய கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுவந்துவிட்டான். கடைசிக் கதவு ஒன்றுதான் பாக்கி.

கோபுரத்தில் ஏறியவனுக்குப் பேரீச்ச மரத்தில் ஏறத் தெரியவில்லை. முதலில் பழுத்த பழத்தைப் பறிக்கப் போய்க் கீழே விழுந்தான். வலது முழங்கை முறிந்துவிட்டது. பாக்தாத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார் டாக்டர்.

கிளம்புகிற காரிலிருந்து இறங்கி, தொங்கும் கையோடு ஓடிவந்தான் மைசம்.

"ஹனீன், பெட்டிய மட்டும் அணைச்சுராத. நான் வந்து அந்தக் கதவத் திறக்கணும்."

"என் கண்ணு மேல," என்றாள் ஹனீன், விரலால் கண்ணைத் தொட்டு. அந்த ஊரில் கண்ணைத் தொட்டுச் சொன்ன சொல்லை யாரும் மீற மாட்டார்கள்.

இரண்டு நாளில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை. கைக்குள் தகடு வைக்க வேண்டுமாம், ஆபரேஷனாம். சின்னம்மா போனில் அழுதாள். பிறகு போனை மைசம் வாங்கினான். வலிக்கிறதா, பயமா இருக்கிறதா என்று ஹனீன் கேட்டதற்கெல்லாம் அவன் பதிலே சொல்லவில்லை.

"பச்சை விளக்கு எரியுதா?"

"எரியுது."

"சரி. அப்ப நான் உள்ள போறேன்," என்றான்.

போனை வைத்ததும் ஹனீன் பெட்டியின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தக் குட்டி விளக்கை நம்பி ஒருத்தன் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறான். அது அணையலாமா?

ஆனால் தெருவில் ஆளுக்கு ஒரு பேச்சு. எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்த அபு ஸல்வான், ஹனீன் தலையைக் கண்டாலே கிண்டல் செய்வார். கார் எஞ்சினை ஓட விட்டுவிட்டு யாராவது ஊருக்குப் போவார்களா, அது புகைந்து கரியாகப் போகிறது, மைசம் வரும்போது சாம்பலைத்தான் அள்ளிக் கொடுக்கப் போகிறாய் என்பார். அப்பாவோ வேறு மாதிரி சொன்னார். வீட்டு ஃபிரிட்ஜ் வருடம் பூராவும் ஓடுகிறது, அது என்ன செத்தா போச்சு என்றார்.

இரண்டு பேர் சொல்வதும் ஹனீனுக்குச் சரியாகவே பட்டது. அதுதான் தொல்லை.

அடுத்த நாள் புழுதிப் புயல் வந்தது. வானம் மஞ்சளாகி, எதிர்க்கடை கூடத் தெரியவில்லை. அம்மா ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத்துணி செருகினாள். பிறகு தன் கையால் பின்னிய, ஓரத்தில் குஞ்சம் வைத்த வெள்ளைத் துணியை எடுத்துவந்து கேம் பெட்டியின் மேல் நாலு பக்கமும் தொங்கும்படி போர்த்தினாள். அம்மா எதையும் வெறும் உடம்போடு விடமாட்டாள். டிவிக்கு ஒரு போர்வை, போனுக்கு ஒரு போர்வை, தண்ணீர்க் குடத்துக்கும் ஒரு போர்வை.

"அந்தப் பிள்ளை நம்பி ஒப்படைச்ச அமானிதம்," என்றாள். "ஒரு தூசி படக்கூடாது யும்மா." அந்த ஊரில் அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சாயங்காலம் புயல் அடங்கியது. அப்போதுதான் ஹனீன் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். பெட்டிக்குள் இருந்த குட்டி விசிறி, கொசு காதருகே பாடுவதுபோல் கீச்சென்று சுற்றியது. அறையில் ஒரு தீய்ந்த வாசனை. துணியைத் தூக்கிப் பெட்டியைத் தொட்டவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது.

அணைத்தால் சொன்ன சொல் போச்சு, அணைக்காவிட்டால் பெட்டியே போச்சு. அவள் விரல் பொத்தான் வரை போய்விட்டது. இங்கே அணைத்துவிட்டு, பாக்தாத்தில் இருப்பவனிடம் எரிகிறது என்று பொய்யா சொல்வது?

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அங்கே ஃபிரிட்ஜ் தன்பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். இது மட்டும் எப்படி ஓய்வில்லாமல் ஓடுகிறது? அப்பா இதைச் சுவரோடு ஒட்டி வைக்கவில்லையே. நடுவில் ஒரு கை நுழைகிற இடம் விட்டிருக்கிறாரே. இடத்தை ஏன் வீணாக்குகிறீர்கள் என்று அம்மா சண்டை போட்டபோது, அதுக்கும் மூச்சு விடணும்ல என்றாரே அப்பா.

ஹனீன் இடுக்கில் கையை விட்டாள். வெதுவெதுப்பான காற்று அங்கே மேலே போய்க்கொண்டிருந்தது.

ஓட்டமாக வந்து பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தாள். பெட்டியின் பின்புறம் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றில் பஞ்சுபோல் தூசி அடைத்திருந்தது. அடிப்புறத்திலும் ஓட்டைகள், ஆனால் அவை மேசையோடு அப்பிக்கொண்டிருந்தன. பாவம், அது எந்த வழியாக மூச்சு விடும்? எரிந்துகொண்டே இருந்தது மட்டுமா குற்றம்? மூக்கையும் வாயையும் பொத்திவிட்டல்லவா ஓடச் சொன்னோம்!

எதிர்க்கடைக்கு ஓடி, முடி வெட்டியபின் கழுத்தைத் துடைக்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்று வேண்டும் என்றாள்.

"என்ன எஞ்சினியரம்மா, பெட்டிக்கு முடிவெட்டப் போறீங்களா?" என்றார் அபு ஸல்வான். ஆனால் புது பிரஷாகவே எடுத்துக் கொடுத்தார்.

ஹனீன் ஓட்டைகளை மெல்ல மெல்லத் துடைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து இடுப்பு ஒடுங்கிய தேநீர்க் குவளைகளில் நாலை எடுத்தாள். அவற்றைக் கவிழ்த்து வைத்து, வயர் அசையாமல் பெட்டியைத் தூக்கி அவற்றின் மேல் உட்காரவைத்தாள். இப்போது பெட்டிக்கு நாலு கண்ணாடிக் கால்.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். கழற்றிப் போட்ட துணியைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. தான் நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று இருந்தது அவளுக்கு.

ஹனீன் துணியை எடுத்து உதறினாள். பெட்டியை ஓரமாகத் தூக்கிப் பிடித்தபடி குவளைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, துணியை அவற்றுக்கு அடியில் விரித்தாள். குஞ்சங்கள் மேசை ஓரத்தில் அழகாகத் தொங்கின.

"இது கீழ இருக்கட்டும் யும்மா. வழுக்காம பிடிச்சுக்கும்," என்றாள். அம்மா ஒரு குஞ்சத்தை நேராக்கிவிட்டு, மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

இரவுச் சாப்பாடு முடிவதற்குள் விசிறியின் கீச்சுச் சத்தம் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் லேசான சூடுதான். பாக்தாத்திலிருந்து நல்ல செய்தியும் வந்தது. ஆபரேஷன் முடிந்து மைசம் கஞ்சி குடித்தானாம். அன்றைக்குத்தான் ஹனீன் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஆனால் மைசம் வர வேண்டிய நாளின் காலையில், வீட்டில் பீப் பீப் என்று சத்தம் கேட்டது. கரண்ட் இல்லை. தெரு ஜெனரேட்டரும் ஓடவில்லை. யுபிஎஸ் கத்திக்கொண்டிருந்தது.

ஹனீன் முதலில் டிவியை அணைத்தாள். பேட்டரியைக் குடிப்பது டிவிதான், பெட்டிக்குக் கொஞ்சமே போதும். அப்படியும் பீப் சத்தம் நிற்கவில்லை. தெருக்கோடிக்கு ஓடினாள். ஜெனரேட்டர்காரர் ஜப்பார், எஞ்சினின் மூடிகளை எல்லாம் திறந்து போட்டுவிட்டு வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். புழுதி உள்ளே போய் அடைத்துக்கொண்டதாம், எஞ்சின் கொதிக்கிறதாம், ஆறாமல் ஓட்ட முடியாதாம். ஹனீனுக்கு அந்தக் கதை நன்றாகவே புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

திரும்பி ஓடிவந்தபோது, எதிர்க்கடையில் மட்டும் ஒரு குட்டி ஜெனரேட்டர் படபடத்துக்கொண்டிருந்தது. அபு ஸல்வானுடையது. ஒரு மேசை விசிறிக்கும் ஒரு பல்புக்கும்தான் அது தாங்கும். நாற்காலியில் ஒருவர், பாதி முகத்தில் நுரையோடு, அந்தக் காற்றில் கண்மூடிச் சாய்ந்திருந்தார்.

ஹனீன் வாசலில் நின்றாள். வெளியே நெருப்பு மாதிரி வெயில். இந்த நேரத்தில் ஒருவரின் காற்றை எப்படிக் கேட்பது? அதுவும் தினம் தினம் கேலி செய்கிற மனிதரிடம்? இருந்தாலும் கேட்டாள். மைசம் வழியில் வந்துகொண்டிருக்கிறான் என்றாள். கண்ணைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேன் என்றாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அபு ஸல்வான் கத்தியைக் கீழே வைத்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"கொடுப்பா. இந்தப் பாதி முகத்துக்கு வேர்த்தா ஒண்ணும் குடிமுழுகிப் போயிடாது."

விசிறி நின்றது. அபு ஸல்வான் நீளமான வயர் ஒன்றைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே போட்டார். யுபிஎஸ்ஸை அதில் செருகியதும் பீப் சத்தம் அடங்கியது. பச்சை விளக்கு கண்கூடச் சிமிட்டவில்லை.

ஹனீன் கடைக்குத் திரும்பிப் போனாள். ஒரு அட்டையை எடுத்து, தெரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை நாற்காலிக்காரருக்கு விசிறிக்கொண்டே நின்றாள். அவள் கை வலித்தது, மனசோ நிறைந்து கிடந்தது.

மத்தியானம் மைசம் வந்தான். வலது கையில் தோளிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே பெட்டியிடம் போனான். பச்சை விளக்கைப் பார்த்தான். கண்ணாடிக் கால்களைப் பார்த்தான். ஹனீன் டிவியைப் போட்டாள். கோபுர உச்சியில், நீலத் தொப்பிக்காரன் அவனுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.

மைசம் இடது கையால் கன்ட்ரோலரை எடுத்தான். வலது கை வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹனீன் திரையில் நின்ற தொப்பிக்காரனைப் பார்த்தாள். இத்தனை பாடும் வீண்தானா?

"இந்தா," என்று அவளிடம் நீட்டினான் மைசம். "நீ ஆடு. நான் சொல்றேன்."

"நானா? ஆமை மாதிரி ஆடுறேன்னு தொடவே விடமாட்டியே நீ!"

"ஆமைதான். ஆனா இத்தனை நாள் ஓடினது நீதானே. பெரியம்மா போன்ல எல்லாம் சொல்லிட்டாங்க."

ஹனீன் ஆடினாள். இடது, குதி, நில்லு, இப்ப ஓடு என்று மைசம் சொல்லச் சொல்ல, அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பொத்தான்களை அழுத்தினாள். இரண்டு தடவை தொப்பிக்காரன் விழப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே, வயரைச் சுருட்ட வந்த அபு ஸல்வான் சுருட்டாமல் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது முதலில் கைதட்டியது அவர்தான்.

கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னத் தோட்டம், ஒரு பெஞ்சு. அவ்வளவுதான். தொப்பிக்காரன் போய் அதில் உட்கார்ந்துகொண்டான். பாவம், அவனுக்கும் கால் வலித்திருக்கும்.

மைசம் இடது கையால் பெட்டியை அணைத்தான். பச்சை விளக்கு போனது. விசிறி சுற்றி முடிந்து நின்றது. அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

பிறகு அவன் ஹனீன் பக்கம் திரும்பி, அதே இடது கையின் விரலால் தன் கண்ணைத் தொட்டான். ஹனீனுக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா பின்னாலேயே நின்றிருந்தாள். பெட்டியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, குவளைகளுக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணியை உருவி எடுத்து உதறினாள்.

"இப்ப போர்த்தலாம்தானே யும்மா?" என்று மகளிடம் கேட்டாள்.

ஹனீன் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாக ஆறட்டும் என்று சொல்லி அம்மாவைக் கொஞ்ச நேரம் காக்கவைத்தாள். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து அதைப் போர்த்திவிட்டார்கள்.