முறை உறுப்பினர்

2094 மார்ச் 3, புது தில்லி. உப்போடை மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் தங்கபுஷ்பம் பதவி விலகல் கடிதம் அனுப்ப வேண்டிய கடைசி நாள்.

அன்று காலையும் வழக்கம்போல மகள் ஷீபாவின் வீங்கிய கால்களுக்கு வெந்நீர் ஊற்றினாள். ஷீபாவுக்கு ஏழாம் மாதம். பிறகு சுவர்த்திரை முன் உட்கார்ந்தாள். கடிதம் தயாராக இருந்தது. அனுப்பிய ஏழாம் நாள் அவள் ஊருக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டில் இருக்கும் எல்லைவளை அவளைக் காட்டிக் கொடுக்கும்.

ஆள் குறைந்த தொகுதிகளைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துக் கலைத்துக்கொண்டு வந்த காலத்தில், உப்போடையைக் காப்பாற்ற வந்தது தொகுதிக் காப்புச் சட்டம். பட்டியலில் இருக்கும் வாக்காளர் எல்லை தாண்டக் கூடாது. சட்டம் வந்த அன்று ஊரில் வெடி போட்டார்கள். பிறகு பிள்ளைகளைப் பதினெட்டு முடியுமுன் வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளும் திரும்பி வர முடியாது. உள்ளே ஓர் இரவு தங்கினாலே பெயர் பட்டியலில் ஏறிவிடும்.

இந்தப் பூட்டை உடைப்போம் என்று சொல்லி அடுத்தடுத்து ஜெயித்த வக்கீலும் மருத்துவரும் ஆலை முதலாளியும் பதவிக்காலம் முழுக்கத் தில்லியிலேயே தங்கிவிட்டார்கள். வெளியேற அனுமதியுள்ள ஒரே ஆள் உறுப்பினர்தான் என்பது ஊருக்கு அப்போதுதான் உறைத்தது. கட்சிகளை விரட்டிவிட்டு, முறை வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருவர் போவது, பிள்ளைகளைப் பார்ப்பது, பதவி விலகித் திரும்புவது. அடுத்தவர் மட்டும் இடைத்தேர்தலில் மனுப் போடுவார். பதினோரு பேர் அப்படிப் போய் வந்திருந்தார்கள். தங்கபுஷ்பம் பன்னிரண்டாவது. அடுத்த முறை செல்லையாவுடையது.

திரையில் அவரே வந்தார்.

“என்ன தங்கம், கடுதாசி அனுப்பியாச்சா? தில்லி சப்பாத்தி வாயில ஒட்டிக்கிட்டோ?”

“இல்ல அண்ணாச்சி…”

“சட்டை தைச்சாச்சு. மாப்பிள்ளைக்கு அப்பன் நான்தான்னு மதுரையில எவனும் நம்ப மாட்டான் பாரு.”

மே மாதம் அவர் மகனுக்குக் கல்யாணம். இன்று கடிதம் போனால்தான் அதற்குள் அவர் ஜெயித்துப் புறப்பட முடியும்.

“அண்ணாச்சி, மூணு மாசம் பொறுப்பீங்களா?”

“நான் பொறுப்பேன். முகூர்த்தம் பொறுக்குமா?”

“பேறுகாலமும் பொறுக்காதே.”

“முன்னால போன பதினோரு பேருக்கும் வீட்ல ஒரு காரியமும் இல்லாமலா திரும்பி வந்தாவ? எங்க மதினி தன் மகனை ஐசியூவில விட்டுட்டு வந்தா. நீயும் பாத்தியே.”

“பாத்தேன்.”

“நீ அனுப்பலேன்னா உன்னை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. சட்டத்துல முறைன்னு ஒண்ணு கிடையாது. அதான் தாயி பயமா இருக்கு.”

அவர் போன பின் ஷீபா வந்து பக்கத்தில் நின்றாள். “எம்மா, அனுப்பிருங்க. நாங்க சமாளிச்சுக்குவோம்.”

“நீ சமாளிப்ப,” என்றாள் தங்கபுஷ்பம். “நான்?”

இரண்டு வயதுப் பேரன் அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். ஆறு மாதத்துக்கு முன் அவளைக் கண்டு அழுதவன். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கடிதத்தை அழித்தாள். சபாநாயகர் அலுவலகம் மூடும் நேரம் தாண்டும்வரை திரைப் பக்கம் திரும்பவில்லை.

மே மாதம் ஷீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மதுரை மண்டபத்தில் மாப்பிள்ளையின் தந்தைக்குப் போட்ட நாற்காலியில் ஒரு கைத்திரையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு செல்லையா அதிலிருந்து அட்சதை தூவினார்.

2096இல் மக்களவைக் காலம் முடிந்தது, அதோடு வெளியே இருக்கும் அனுமதியும். தங்கபுஷ்பம் உப்போடைக்குத் திரும்பினாள். அவளை யாரும் திட்டவில்லை. எதிர்வீட்டுச் செல்லையா, “வந்துட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்து வந்த பொதுத்தேர்தலில் முறை என்ற பேச்சையே ஒருவரும் எடுக்கவில்லை. பட்டியலில் இருந்த அத்தனை பேரும் மனுத் தாக்கல் செய்தார்கள். தங்கபுஷ்பமும் செய்தாள், செல்லையாவும் செய்தார். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு கிடைத்தது. சட்டப்படி குலுக்கல் நடந்தது. ஐஸ் கம்பெனி மெக்கானிக் ஒருவரின் பெயர் வந்தது. மற்ற எல்லோருக்கும் டெபாசிட் போயிற்று. மெக்கானிக் அன்றைக்கே தில்லிக்கு வண்டியேறினார். இதுவரை பதவி விலகவில்லை.