ஆறு அங்குல ஊளை

ட்ராவிஸின் பிக்கப் வண்டி நாற்பத்தைந்து மைல் வேகத்தைத் தொட்டதும் ஊளையிடும். நாய் ஊளை மாதிரி அல்ல. காலி பாட்டிலின் வாயில் யாரோ விடாமல் ஊதுகிற மாதிரி.

வாங்கியபோது அதில் எந்தச் சத்தமும் இல்லை. பனிக்காலம் முழுவதும் ட்ராவிஸ் கொட்டகைக்குள்ளேயே கிடந்து அதை ஆறு அங்குலம் உயர்த்தினான். பெரிய டயர்களைப் போட்டான். கூரையின் முன்விளிம்பில் நீளமான விளக்குப் பட்டை ஒன்றைப் பூட்டினான். வசந்தத்தில் வெளியே எடுத்தான். அன்றைக்கே ஊளை தொடங்கிவிட்டது.

அவன் தங்கை டெஸ்ஸாவுக்குப் பத்து வயது. ஊளை அவளை ஒன்றும் செய்யவில்லை. அவளுடைய காளை வாஃபிளுக்குத்தான் அது ஆகவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கண்காட்சித் திடலில் மாடுகளுக்கு எடை பார்ப்பார்கள். பிந்தி வந்தாலோ நொண்டினாலோ மாட்டுப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். அக்டோபரிலிருந்து டெஸ்ஸா வாஃபிளைக் குளிப்பாட்டி, சீவிவிட்டு, கயிற்றில் நடக்கப் பழக்கியிருந்தாள்.

புதன்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, வாஃபிளை ஏற்றி, கொஞ்ச தூரம் ஓட்டினார்கள். ஊளை வந்ததும் வாஃபிள் உதைத்த உதையில் டிரெய்லர் கதவின் தகடு வெளியே புடைத்துக்கொண்டது.

அம்மா அந்தப் புடைப்பைத் தடவிப் பார்த்தாள். "இந்த வண்டி பின்னாடி இனிமே அந்த மாட்டை ஏத்த விடமாட்டேன். காலு ஒடிஞ்சா என்ன பண்ணுவ?"

"அப்பா வண்டி?" என்றாள் டெஸ்ஸா.

"எண்ணெய்க் கிணத்து வேலைக்கு அதுலதானே போயிருக்காரு? வர பத்து நாளாகும். அக்கம்பக்கத்துலயும் கேட்டுட்டேன். எல்லார் டிரெய்லர்லயும் அவங்கவங்க பிள்ளைங்களோட பன்னியும் ஆடும் ஏறுது."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடறேன்மா" என்றான் ட்ராவிஸ்.

"ஏப்ரல்லயும் ஒரு வெள்ளிக்கிழமை சொன்ன."

தீவனக் கடைக்காரர் லைலுக்கு வண்டியை உயர்த்துகிற வழக்கமே பிடிக்காது. "அப்பவே சொன்னேன்ல? தூக்கினா கீழே இருக்கிற தண்டு சாஞ்சுடும். அதான் கத்துது" என்பார். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டைத்தான் சொன்னார். ஊரில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

வியாழக்கிழமை ட்ராவிஸ் வண்டிக்கடியில் படுத்து, தண்டின் மூட்டுகளை மாற்றி, கிரீஸ் அப்பினான். எழுந்தபோது அவன் முகத்தில் கண்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அவனும் டெஸ்ஸாவும் மேற்கே டவுனுக்கு ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பத்தைந்தில் ஊளை. கிழக்கே வீடு திரும்பும்போது அறுபதைத் தாண்டியும் சத்தமில்லை.

"சரியாயிடுச்சு!" என்று கத்தினான்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி டவுனுக்குக் கிளம்பினார்கள். நாற்பத்தைந்து. ஊளை.

ட்ராவிஸ் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினான்.

"நேத்து வீட்டுக்கு வரும்போது கத்தலையே" என்றாள் டெஸ்ஸா.

"எஞ்சின் சூடாயிருந்திருக்கும்."

"இப்ப மட்டும் ஐஸ் மாதிரியா இருக்கு?"

"வாயை மூடிட்டு வா."

தீவனக் கடை முன்னால் நிறுத்திவிட்டு அவன் உள்ளே போனான். உள்ளே லைல் தண்டைப் பற்றித் தொடங்கும் குரல் கேட்டது. டெஸ்ஸா வண்டிக்குள்ளேயே இருந்தாள்.

அப்போது தலைக்கு மேலே மெல்ல, "ஊஊஊ."

எஞ்சின் ஓடவில்லை. சாவி ட்ராவிஸின் பையில் இருந்தது.

அவர்கள் ஊர் இருக்கும் வயோமிங் மாநிலத்தில் காற்று நின்றால்தான் மக்கள் வெளியே வந்து என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள். வீசும்போது அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. அது எப்போதும் மேற்கிலிருந்து வரும். டவுனுக்குப் போகும்போது எதிர்க்காற்று, வீடு திரும்பும்போது பின்காற்று.

டெஸ்ஸா கீழே இறங்கி, டயர்மேல் ஏறி நின்றாள். தன் ஜாக்கெட்டை விளக்குப் பட்டைமேல் போர்த்தினாள். ஊளை நின்றது. எடுத்தாள். வந்தது. ஜாக்கெட்டின் ஒரு கையை மட்டும் சுற்றினாள். பாதி குறைந்தது.

"ட்ராவிஸ்! வெளியே வா!"

ட்ராவிஸும் லைலும் வந்தார்கள். அவள் போர்த்தினாள், எடுத்தாள், போர்த்தினாள். லைல் குனிந்து ஒருமுறை வண்டிக்கடியில் பார்த்துக்கொண்டார்.

"விளக்கா?" என்றார் கடைசியில். "கழட்டி எறி."

ட்ராவிஸின் முகம் தொங்கிவிட்டது. ஊர் வாசல்களிலெல்லாம் பனி அள்ளி, அந்தக் கூலியில் அவன் வாங்கிய விளக்கு அது. டெஸ்ஸாவுக்கு அது தெரியும்.

"கழட்ட வேணாம்" என்றாள். "ஜாக்கெட் கையைச் சுத்தினாலே குறையுது. முழுசா கயிறு சுத்திப் பாப்போம். மிஸ்டர் லைல், வைக்கோல் கட்டுற கயிறு இருக்கா?"

"வைக்கோல் கடைக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா அது?"

ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கயிறு வந்தது. டெஸ்ஸா அதைப் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, இடைவெளி விட்டுச் சுருள் சுருளாகச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

ட்ராவிஸ் தள்ளி நின்று பார்த்தான். "கிறிஸ்துமஸ் மிட்டாய்க் குச்சி மாதிரி இருக்கு. ஊரே சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுதுட்டா இருக்கு?"

சனிக்கிழமை காலை, "ஊளை கேட்டா அங்கேயே திரும்பிடணும்" என்று சொல்லிவிட்டு அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்னால் டிரெய்லரில் வாஃபிள். வண்டி மேற்கே, எதிர்க்காற்றில் போனது. நாற்பது. நாற்பத்தைந்து. ஐம்பது. ஊளை இல்லை. அம்மா கைகளைப் பிரித்தாள்.

அப்போது "கீச்" என்றது. பிறகு இன்னொரு "கீச்".

"அது என்னடா?"

ட்ராவிஸ் சாலையையே பார்த்தான். "ஸ்பிரிங்கும்மா."

"புதுசா?"

"டிரெய்லர் இழுத்தாத்தான் வரும்போல. புதன்கிழமை ஊளையில கேக்கல." குரலைத் தாழ்த்திச் சொன்னான், "அது வண்டியைத் தூக்கினதாலதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டெஸ்ஸா பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். வாஃபிள் அசைபோட்டுக்கொண்டிருந்தது. கீச்சுச் சத்தத்தைப் பற்றி அதற்கு ஒரு கருத்தும் இல்லை.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாஃபிள் எடைமேடையில் ஏறியது. எடை பார்ப்பவர் நான்கு கால்களையும் குனிந்து பார்த்தார். "ஆயிரத்து முந்நூத்திப் பத்து பவுண்டு. நல்லா நடக்குது. அடுத்த ஆளு வாங்க!"

திடலுக்கு வெளியே பிக்கப்பின் அடியிலிருந்து இரண்டு ஜோடி பூட்ஸ்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று ட்ராவிஸுடையது, இன்னொன்று கண்காட்சிக்கு வந்திருந்த லைலுடையது. கீச்சுச் சத்தம் இடதுபக்கமா வலதுபக்கமா என்று உள்ளே பலத்த சண்டை.

டெஸ்ஸா நிற்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. வாஃபிளை ஓட்டிக்கொண்டு குளிப்பாட்டுகிற இடத்துக்குப் போனாள்.