பிணை நிற்பவர்

கூட வேலை செய்யும் சஜீவன் வெளியே போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் கதவுக்கு மேலிருந்த சிறு திரையில் எண் குறையவில்லை. உள்ளே: 2.

நிரோஜா அதைப் பார்த்துச் சிரித்தாள். ஆட்களை எண்ணும் அந்த நிரலை எழுதியவளே அவள்தான். எங்கேயோ பிழை விட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, பின்னேர மழை. கிளிநொச்சியில் தனியார் மருத்துவ நிலையங்களின் நோயாளர் விபரங்களைக் காத்துக்கொடுக்கும் அந்தச் சிறிய அலுவலகத்தில் வேறு யாருமில்லை. யன்னல் இல்லாத சேர்வர் அறைக்குள் மழை கேட்காது. இயந்திரங்களின் விசிறிகள் மட்டும், மூச்சை வெளியே விட மறந்தவர் உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதுபோல, ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தன.

அன்று மத்தியானம்தான் புதிய கட்டுப்பாட்டு விதிகளைத் தடுக்கும் நிலைக்கு மாற்றியிருந்தார்கள். அதற்கு முன் ஒரு கிழமை ஒத்திகை: விதி மீறப்பட்டால் குறித்துக்கொள்ளும், தடுக்காது. இனித் தடுக்கும். கணினியில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை குத்தியாயிற்று. அந்த முத்திரை எதைத் தொடலாம் என்று விதி சொல்கிறதோ அதை மட்டுமே தொடலாம். சொல்லாதது எல்லாம் மறுப்பு. தலைமைக் கடவுச்சொல்லைத் திருடிக்கொண்டு வருபவனாலும் விதியைத் தளர்த்த முடியாது. அவள் அதில் பெருமைப்பட்டிருந்தாள்.

கதவை ஆளும் நிரலுக்கும் விதி இருந்தது. அறை ஒருபோதும் ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். ஆகவே ஒருவர் வெளியே போவதானால் இன்னொருவர் உள்ளே நிற்க வேண்டும். நிற்பவருக்கு என்ன முத்திரை வைப்பது என்று யோசித்தபோது அவளுடைய விரல்கள் தாமாகவே 'பிணை' என்று தட்டிவிட்டன.

வேறு ஊரில் பிறந்தவர் எவருக்கும் அந்தச் சொல் வந்திருக்காது. யுத்த காலத்தில் வன்னியை விட்டு வெளியே போக, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதற்கு ஒருவர் பிணை நிற்க வேண்டும். ஸ்கந்தபுரத்தில் பக்கத்து வளவுக்காரர் வவுனியாவுக்கு வைத்தியத்துக்குப் போனபோது பிணை நின்றவர் அவளுடைய அப்பா நல்லதம்பி. போனவர் திரும்பவில்லை. ஒரு பின்னேரம் இயக்கத்துக்காரர் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா விமலேஸ்வரி ஒழுங்கைப் பாதை முடியும்வரை பின்னால் ஓடினாள். "அவரை விடுங்கோ, நான் பிணை நிக்கிறன்." வந்தவர்களில் ஒருவன் திரும்பி, மரியாதையாகத்தான் சொன்னான்: "பிணைக்குப் பிணை எடுக்கிறேல்லை அம்மா. அப்பிடி விதி இல்லை." நிரோஜாவுக்குப் பன்னிரண்டு வயதில் அப்படிப் போன அப்பா திரும்பவே இல்லை.

திரை இரண்டு பேர் என்று காட்டுவதால் அவள் தாராளமாகப் போகலாம். நிரோஜா கைப்பையை எடுத்துக்கொண்டு விரலை வைத்தாள்.

சிவப்பு.

துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. அவசரப் பொத்தானை அமத்தினாள். அதுவும் அதே நிரலைத்தான் கேட்க வேண்டும். சிவப்பு.

கைபேசிக்கு அங்கே சிக்னல் இல்லை. மேசைத் தொலைபேசியில் சஜீவனை எடுத்தாள்.

"அக்கா, பஸ் ஓமந்தையைத் தாண்டப் போகுது. என்ன, பிணை நிண்டு அலுத்துப் போச்சோ?"

"பகிடியை விடு. கதவு திறக்குதில்லை. ரெண்டு பேர் எண்டு காட்டுது."

"அப்ப மற்ற ஆளை நிக்கச் சொல்லிப்போட்டு வாங்கோவன்." சிரித்தவன் அவள் சிரிக்காததைக் கேட்டு நிறுத்தினான். "விதியைக் கழட்டிப் பாருங்கோ அக்கா."

"கழட்ட விடாது. நாங்கள்தானே அப்பிடி எழுதினது."

"சரி, நான் இறங்கித் திரும்பி வாறன். வெளியில இருந்து நிப்பாட்டலாம். பயப்பிடாதேங்கோ. வீட்டுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுறன்."

தொலைபேசியை வைத்தபோதுதான் வாசம் வந்தது. முதலில் வயல் சேற்றின் வாசம், கால் கழுவாமல் உள்ளே வந்த ஒருவருடையதுபோல. பிறகு சுருட்டு. குளிரூட்டியின் காற்றில் அது மெல்ல மெல்ல, இயந்திர அடுக்குகளின் பின்பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஒருவர் பக்கவாட்டில் நிற்கத்தான் இடமுண்டு.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேசைக் கணினியின் திரையைப் பார்த்தாள். உள்ளே நிற்பவர்கள் என்று விரித்துப் பார்த்தால் இரண்டு வரிகள்.

நிரோஜா. முத்திரை: பிணை. வெளியேற: மறுப்பு.

இரண்டாவது வரியில் பெயர் இல்லை. உள்ளே வந்த நேரம் இல்லை. முத்திரை மட்டும் இருந்தது. பிணை. வெளியேற: மறுப்பு. அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் மறுபடி: வெளியேற, மறுப்பு. மறுபடி. சலிக்காமல், கெஞ்சுவதுபோல, யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கால்மணி நேரம் கழித்துக் கதவை வெளியிலிருந்து தட்டினார்கள்.

"பிள்ளை? சஜீவன் போன் பண்ணினவன். உள்ளுக்கு மாட்டுப்பட்டிட்டியாம். அம்மா வந்திட்டன்."

நிரோஜா ஓடிப்போய் கதவில் கன்னத்தை வைத்தாள். இரும்பு குளிர்ந்தது. "ஒண்டுமில்லை அம்மா. அவன் வாறான். நீங்கள் நனையாமல் விறாந்தையில இருங்கோ."

"பசிக்குதோ? ரொட்டி கொண்டந்தனான்."

அவளுக்கு அழுகை வந்தது. பதில் சொல்ல வாய் திறந்தாள்.

"விமலா," என்றது பின்னாலிருந்து, அப்பா கூப்பிடுவதுபோல, ஒரு ஆண் குரல். "சுடுதண்ணி வைச்சனீயோ?"

வெளியே அம்மாவின் கை கதவைத் தடவுவது கேட்டது. விசிறிகள் இரைந்தன.

"ஆர் பிள்ளை உள்ளுக்கு?"

"ஒருத்தருமில்லை."

"ஆரெண்டு கேட்டனான்."

"ஒருத்தருமில்லை அம்மா! கதவில கை வைக்காதேங்கோ. வீட்ட போங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன், போங்கோ!"

"எத்தினை வருசம்," என்றாள் அம்மா, அவளிடம் அல்ல. பிறகு, ஒழுங்கையில் கேட்ட அதே குரலில், "என்ர பிள்ளையை விடுங்கோ. நான் நிக்கிறன்."

மேசைத் திரையில் விதிகளின் கீழே ஒரு புதிய வரி தோன்றியது. நிரோஜா எழுதாத வரி. யாராலும் எழுத முடியாத வரி.

பிணைக்குப் பிணை: அனுமதி.

"அம்மா!"

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு மற்றது.

கதவு திறக்கவில்லை. நிரோஜா இரண்டு கைகளாலும் அதை அமத்திக்கொண்டுதான் நின்றாள். அது அசையவே இல்லை.

உள்ளே: 3.

அடுக்குகளின் பின்னால் யாரோ ஒதுங்கி இடம் விட்டார்கள். சேலை உரசியது. இரண்டு குரல்கள் தணிவாகக் கதைக்கத் தொடங்கின, சாப்பாடு முடிந்து விளக்கு அணைத்த பிறகு கதைப்பதுபோல. நடுவில் அம்மாவின் சிறிய சிரிப்பு. நிரோஜா அதைப் பன்னிரண்டு வயதுக்குப் பிறகு கேட்டதில்லை.

பச்சை.

கதவு தானாகத் திறந்தது. மழைக் காற்று முகத்தில் அடித்தது. விறாந்தை வெறுமையாக இருந்தது. நிலத்தில் ரொட்டிப் பொதி. வாசலில், உள்ளே பார்த்தபடி, ஒரு சோடி நனைந்த செருப்பு.

"நீ போயிட்டு வா பிள்ளை," என்றாள் அம்மா, பின்னாலிருந்து. "நீ வருமட்டும் நாங்கள் நிக்கிறம்."