நாற்பத்திரண்டு படங்கள் எங்கே?

"சார்! ஒரு படத்தையும் காணோம்!"

ஏழாம் வகுப்பு சத்யப்ரியா போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் அறையே திரும்பிப் பார்த்தது. கம்ப்யூட்டர் பாடம் நடத்தும் ராஜகுரு சார் கையிலிருந்த டீ அவர் சட்டையில் பாதி, தரையில் பாதி என்று சிந்தியது.

அது இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு. ஊர், திருமங்கலம். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. மதுரையிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார். அவருக்குக் காட்டத்தான் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மூன்று மாதமாக மவுஸைப் பிடித்துப் படம் வரைந்திருந்தார்கள். மவுஸால் வரைவது லேசுப்பட்ட வேலையா? வட்டம் போடப் போனால் உருளைக்கிழங்கு வரும்! அப்படி உயிரைக் கொடுத்து வரைந்த படங்கள் எல்லாம் 'ஓவியம்' என்ற ஃபோல்டரில் இருந்தன. இப்போது அதில் இருந்தது ஒரே ஒரு வரவேற்புப் பாட்டு.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

"நேத்து சாயங்காலம் கடைசியா இதுல உக்காந்தது யாரு?" என்று கேட்டார் சார்.

எல்லாக் கண்களும் அருள்பாண்டி மேல் விழுந்தன. அவன் விரல் சும்மா இருக்காது. எந்தப் பொத்தானைப் பார்த்தாலும் அமுக்கிப் பார்த்துவிடுவான்.

"நான் அழிக்கல சார்! என் ஆட்டுக்குக் கொம்பு வரைஞ்சேன், அம்புட்டுதான்!"

"கொம்பு வரையப் போயி மொத்தத்தையும் அழிச்சிட்டியேடா! இன்னைக்கு நீ கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. வெளிய போயி நில்லு."

அதிகாரிக்கு ஒவ்வொரு படமாகக் காட்டும் வேலை அருள்பாண்டியுடையது. அதற்காகவே புதுச்சட்டை போட்டு வந்திருந்தான். அந்தச் சட்டையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

சத்யப்ரியாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அவன் சேவ் பண்ணிட்டு எந்திரிச்சிட்டான் சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"அப்ப படமெல்லாம் தானா பறந்து போச்சாம்மா?"

அவள் திரையையே உற்றுப் பார்த்தாள். ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு.

"சார், இந்தப் பாட்டு எங்க இருந்து வந்துச்சு?"

"என் பென்டிரைவ்ல காலையில நான்தான் கொண்டு வந்தேன்."

"இதுக்குள்ள காப்பி பண்ணிட்டீங்களா?"

"இல்லம்மா. மவுன்ட் பண்ணினேன், அதுக்குள்ள டீ வந்துருச்சு."

"காப்பியே பண்ணாத பாட்டு, நம்ம ஃபோல்டருக்குள்ள எப்படி சார் வந்து உக்காந்துச்சு?"

சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது லினக்ஸ். அதில் பென்டிரைவைச் செருகினால் மட்டும் போதாது. அது எந்த ஃபோல்டரில் தெரிய வேண்டும் என்று சொல்லி இணைக்க வேண்டும். அதற்குத்தான் மவுன்ட் என்று பெயர். எது எங்கே இணைந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியலில் விடாமல் குறித்து வைத்துக்கொள்ளும். போன மாதம் சார் நடத்திய பாடம்தான் இது. அன்று பாதி வகுப்பு கொட்டாவி விட்டது, சத்யப்ரியா விடவில்லை.

"அந்த லிஸ்ட்டப் பாப்போமா சார்?"

அவளே தட்டினாள். திரையில் வரிசையாக வரிகள் ஓடின. கடைசி வரி சொன்னது: பென்டிரைவ் இணைந்திருக்கும் இடம், 'ஓவியம்'.

"சார்! பென்டிரைவைக் கொண்டு போயி நம்ம படத்து மேலயே விரிச்சிட்டீங்க! பெயிண்ட் கோலத்து மேல ஜமுக்காளத்தை விரிச்சா, ஜமுக்காளம்தான தெரியும்? கோலம் அடியில பத்திரமாத்தான் இருக்கும்!"

ராஜகுரு சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசரத்தில் ஃபோல்டர் பெயரை மாற்றித் தட்டியது அவரேதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இணைப்பை எடுக்கச் சொல்லி மளமளவென்று தட்டினார். 'முடியாது, வேலையாக இருக்கிறது' என்று அடம்பிடித்தது கம்ப்யூட்டர். அதற்குள் மணி பத்தாகப் போனது; வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஐயையோ, அதிகாரி வந்துட்டாரு!" என்று பதறினார் சார்.

"ஃபோல்டரைத் திறந்தே வச்சிருக்கோம்ல சார்! ஜமுக்காளத்துல ஆளு உக்காந்திருந்தா எப்படிச் சுருட்டுறது? அத மூடிட்டுப் போடுங்க!"

மூடினார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கவில்லை. ஃபோல்டரைத் திறந்தால், பேருந்து நிலையம், மல்லிகைப்பூக் கூடை, யானைமலை, கொம்பு முளைத்த ஆடு... நாற்பத்திரண்டு படங்களும் அப்படியே இருந்தன!

"ஏய்ய்ய்!" என்று வகுப்பு போட்ட கூச்சலில் ஜன்னல் கம்பியில் இருந்த காக்கா பறந்தே போனது.

சார் ஒரே ஓட்டமாக வெளியே போய் அருள்பாண்டியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

"தப்பு என் மேலதாண்டா. ஒன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிரு. வா, ஒன் நாற்காலியில உக்காரு."

அருள்பாண்டி உட்காரவும் அதிகாரி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

"என்னப்பா, ரோடு வரைக்கும் கேக்குது? அப்படி என்ன கொண்டாட்டம்?" என்று சிரித்தார் அதிகாரி.

"படமெல்லாம் காணாமப் போச்சு சார். எங்க சத்யப்ரியாதான் மூளையப் போட்டுக் கண்டுபிடிச்சா!" என்று முழங்கினான் அருள்பாண்டி.

அதிகாரி அவளுக்குக் கை கொடுத்தார். அறையே கைதட்டியது. எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் ராஜகுரு சார்தான்.